மூன்றாம் நம்பர் வீட்டில் இருக்கிறவள்

19 ஜனவரி 2026, திங்கள்

அருப்புக்கோட்டை வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு மில்லில் நூல் சோதிக்கும் புது மிஷின் இறக்கியிருக்கிறார்கள். லேப் பெண்களுக்கு அதைப் பழக்கிக் கொடுக்க மூன்று வாரம். கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனியில் இந்த வேலைக்கு ஐந்து பேர் இருக்கிறோம். மற்ற நால்வருக்கும் வர முடியாததற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது: பையனுக்குப் பரீட்சை, மச்சினிக்குக் கல்யாணம், முதுகுவலி, அப்புறம் இன்னொரு முதுகுவலி. என் காரணம் ஆபீஸில் சொல்லக்கூடியது இல்லை. அதனால் நான் வந்தேன்.

தங்குமிடத்தின் பெயர் 'வெண்பருத்தி'. கடைவீதி நடுவில் பழைய பஞ்சு மண்டி ஒன்றை ஏழு குடித்தனமாகத் தடுத்து ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஹால், படுக்கையறை, சின்னச் சமையலறை, துணி துவைக்கும் மிஷின். மேலே அந்தக் காலத்துத் தேக்கு உத்தரம், அதற்குக் கீழே ஏசி. முதலாளி சண்முகவேல் பரம்பரை பஞ்சு வியாபாரி. "ரூமுன்னு சொல்லக் கூடாது மேடம், இதெல்லாம் வீடு. ஒங்களுக்கு மூணாம் நம்பர் வீடு" என்றார். மேசைமேல் ஓர் அட்டை, 'எல்லாம் நடக்கிற தூரம்' என்று. பூக்கடை இரண்டு நிமிஷம், ஜவுளிக்கடை மூன்று, பஸ் ஸ்டாண்டு ஆறு.

உடையாங்கரிசல் அந்த அட்டையில் இல்லை. திருச்சுழி பஸ்ஸில் ஏறி, அங்கே இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். இருபது வயதில் அந்த ஊரைவிட்டு மாதவனோடு கிளம்பினேன். அவர் வேற சாதி. அதற்கப்புறம் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. அப்பா செத்துப்போனதையே ஒரு காலேஜ் தோழி சொல்லி மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா இருக்கிறாளா என்று அவளுக்கும் தெரியவில்லை.

மாதவன் போனில் கேட்டார், "போய்ப் பார்ப்பியா?" தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

20 ஜனவரி, செவ்வாய்

நல்ல தூக்கம். மில் லேப்பில் ஈரப்பதம் கண்டபடி இருக்கிறது. இந்த லட்சணத்தில் புது மிஷின் ஒரு கேடு.

21 ஜனவரி, புதன்

சாயங்காலம் நடந்தேன். அட்டையில் போட்டது பொய்யில்லை, எல்லாமே பக்கத்தில்தான் இருக்கிறது. காலேஜ் படிக்கும்போது அம்மாவோடு இந்தக் கடைவீதிக்கு வந்திருக்கிறேன். என்னை யாருக்கு அடையாளம் தெரியப் போகிறது? பாதி நரைத்த தலை, கண்ணாடி, பதினைந்து கிலோ கூடுதல் சதை.

பூக்கடையில் இரண்டு முழம் கேட்டேன். கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நாலு முழம் அளந்தாள். காசை நீட்டினால் வாங்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பின்னால் கோயில் ஏதும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். செல்போன் கடைதான் இருந்தது.

காசை அவள் கூடையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

23 ஜனவரி, வெள்ளி

வீடு துடைக்க வரும் பெண்ணின் பெயர் தீபலட்சுமி. முப்பத்தைந்து வயது இருக்கும். இத்தனை நாளும் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவள் இன்று காலையில் பேசவே இல்லை. மாப்பைப் பிடித்தபடி நின்று, "மேடத்துக்குச் சொந்த ஊரு எது?" என்றாள். கோயம்புத்தூர் என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு நான் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் துடைத்தாள்.

மில்லிலிருந்து வந்து பார்த்தால் சமையலறை மேடையில் ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், ஒரு பந்து மல்லிகை. ஹோட்டல் உபசாரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பசி வேறு. பாலைக் குடித்தேன். பழத்தில் ஒன்றைத் தின்றேன்.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். "நாங்க எதுவும் வைக்கலையே மேடம்" என்றார்கள்.

24 ஜனவரி, சனி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் தீபலட்சுமி வந்ததும் பாலைப் பற்றிக் கேட்டேன். "நாந்தேன் வச்சேன்" என்றாள். காலி டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "குடிச்சிருக்கீகளே" என்றாள்.

பாலைக் குடித்ததற்கு ஒருத்தி அழுவாளா? உட்கார வைத்து என்ன விஷயம் என்று கேட்டேன்.

அவள் வாக்கப்பட்டது உடையாங்கரிசல். என் ஊர். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லையாம். "எங்க ஊருல ஒரு கன்னித் தெய்வம் இருக்கு மேடம். அங்க புள்ள வரம் கேட்டுத் தொட்டில் கட்டுனேன். மறு வருசமே எம்மக ரோஷினி பொறந்தா."

கன்னித் தெய்வம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுச் சாமியாகக் கும்பிடுவார்கள். ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்து உத்தரத்தில் தொங்க விடுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் இறக்கிவைத்துப் படைப்பு. எங்கள் வீட்டிலும் அப்பாவின் அத்தை ஒருத்திக்குப் பெட்டி இருந்தது. அவளைத்தான் சொல்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, "யார் வீட்டுத் தெய்வம்?" என்றேன்.

"சுந்தரபாண்டி அண்ணன் வீட்டுது. அவுக தங்கச்சி. காலேஜு படிக்கையில செத்துப்போச்சாம். மொதல்ல வீட்டாளுக மட்டுந்தேன் கும்பிட்டாக, இப்ப நாலு ஊரு வருது." செல்போனை நீட்டினாள். "ஜோதியம்மா."

என் ப்ளஸ் டூ ஹால்டிக்கெட் படம். அதைப் பெரிதாக்கி, பட்டுச்சேலை உடுத்தி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் கிணற்று உருளை இடித்து என் இடது புருவம் நடுவில் அறுந்துபோனது. படம் வரைந்தவன் அதையும் விடவில்லை. கீழே சாம்பிராணிப் புகை, மாவிளக்கு, தரையில் நெடுஞ்சாண்கிடையாக ஒரு வழுக்கைத் தலை. அது யாரென்று கேட்கவே வேண்டியதில்லை. என் அண்ணன்.

"ரிஜிஸ்டர்ல ஒங்க ஆதாரப் பாத்தேன். நாகஜோதின்னு போட்டிருந்துச்சு. ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு எனக்கு" என்றாள் தீபலட்சுமி.

எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

"திடீர்னு ஒருநா காணாமப் போயிருச்சாம். எவன் கூடயோ ஓடிருச்சுன்னு பேச்சு. அப்பனும் அண்ணனும் அருவாளோட மூணு நா தேடியிருக்காக. மூணாம் நா அவுக ஆத்தாளுக்கு அருளு வந்திருச்சு. தலைய விரிச்சுப் போட்டு, 'என்னையத் தேடாதீக, நான் தண்ணிக்குள்ள கெடக்கேன்'னு மக கொரலுலயே சொல்லுச்சாம். அதக் கேட்டு அப்பங்காரரு அப்படியே சரிஞ்சு விழுந்து அழுதாராம்."

எந்தத் தண்ணி? பிணத்தை யார் பார்த்தது? இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவளைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழிட்டேன்.

நான் அங்கே செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

25 ஜனவரி, ஞாயிறு

வெளியே போகவில்லை.

ஓடிப்போன பெண்ணைத் தலைமுழுகிவிட்டோம் என்று சொல்வார்கள். அப்படித்தான் எனக்கும் சொல்லியிருப்பார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது கோபம், அதைப் புரிந்துகொள்ள முடியும். இது அப்படியில்லை. இவர்கள் நம்பியிருக்கிறார்கள். அழுதிருக்கிறார்கள். நான் திருப்பூரில் ஒற்றை அறையில் மண்ணெண்ணெய் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இங்கே எனக்குச் சர்க்கரைப் பொங்கல் படைத்திருக்கிறார்கள். அம்மா என்னைச் செத்தவளாக நினைத்தே இத்தனை வருஷமும் கிடந்திருக்கிறாள். படுபாவி நான், ஒரு கார்டு போட்டிருக்கலாமே!

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று காலையிலிருந்து தள்ளிப்போட்டேன். தீபலட்சுமிக்குக் கரு தங்கியது 2014 ஆனி மாதம். மகள் பிறந்த தேதியிலிருந்து நானே கணக்குப் போட்டேன். எனக்கு நாலாம் மாதத்தில் கலைந்ததும் அந்த ஆனிதான். அப்புறம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை.

உலகத்தில் ஒரே மாதத்தில் எத்தனையோ நடக்கும். நான் சோதனைச்சாலையில் வேலை பார்க்கிறவள். இரண்டு எண் ஒத்துப்போனால் அதற்கு அர்த்தம் இருக்க வேண்டியதில்லை என்று பெண்களுக்குப் பாடம் எடுப்பவள். இருக்க வேண்டியதில்லை.

27 ஜனவரி, செவ்வாய்

காலையில் ஜன்னலைத் திறந்தேன். எதிர்க் கடைப் படியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர், ஒரு கைக்குழந்தைக்காரி, மற்றவர்கள் எல்லாம் பெண்கள். யாரும் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

மில் வேன் தெருமுனையில்தான் நிற்கும். அதுவரை நடக்க வேண்டும். நடந்தேன். கூட்டமான கடைவீதி, ஆனாலும் எனக்கு முன்னால் வழி விலகிக்கொண்டே வந்தது. கூட்டம் தள்ளினால்கூடப் பயமாக இருக்காது. ஒரு கை என்மேல் படாமல் அந்தத் தெருவில் நடப்பது பயமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் கைக்குழந்தைக்காரியிடம் போய், "இந்தா பாரும்மா, நான் நாகஜோதி. சாகல. உயிரோடதான் இருக்கேன்" என்றேன், கத்தியேதான்.

"ஆமா தாயி. இல்லைன்னு யாரு சொன்னா? நீ உசுரோடதேன் இருக்க" என்று குழந்தையின் தலையை என் பக்கம் குனிய வைத்தாள்.

இதற்குமேல் என்ன சொல்வது? ரேஷன் கார்டைக் காட்டவா?

சண்முகவேல் சாயங்காலம் வந்து கையைப் பிசைந்தார். "மேடம், தப்பா எடுத்துக்கிறாதீக. வேற வீடு மாத்தித் தரவா?" அவருடைய கண்ணிலும் பயம் இருந்தது. வேண்டாம் என்றேன். கதவுக்கு வெளியே எலுமிச்சம்பழம் மூன்று கிடந்தது.

28 ஜனவரி, புதன்

லேப்பில் ப்ரியா என்ற பெண் நூல் அறுந்தால் என்னைத் தொட்டுவிட்டு முடிச்சுப் போடுகிறாள். திட்டினேன். சிரித்தாள்.

30 ஜனவரி, வெள்ளி

இன்று அண்ணனுக்குப் போன் போட்டேன்.

நம்பர் கிடைக்கக் கஷ்டமே இல்லை. படைப்பு நோட்டீஸ் கடைவீதியிலேயே ஒட்டியிருக்கிறது. 'தை கடைசி வெள்ளி, பிப்ரவரி 6, ஜோதியம்மன் படைப்பு. தொடர்புக்கு சுந்தரபாண்டி' என்று என் முகத்துக்குக் கீழே அவன் நம்பர்.

மணி பதினொன்று இருக்கும். எடுத்தான். "அண்ணே, நான் ஜோதி பேசுறேன்" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது.

"ஜோதிண்ணே. அருப்புக்கோட்டையில இருக்கேன்."

"தாயி" என்றான். அண்ணன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏ கழுத' என்பான். "தாயி, எதும் கொறை வச்சிட்டேனா? என்ன குத்தம்னு சொல்லு தாயி."

குற்றமா? அம்மா எப்படி இருக்கா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் நடக்கும் சத்தம். போனை எதன் மேலோ வைத்தான். ஓலை உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் மணி. போனைக் கொண்டுபோய் உத்தரத்தில் தொங்குகிற என் பெட்டிமேலேயே வைத்துவிட்டு எனக்கு மணி அடிக்கிறான். நான் இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து எனக்குக் காட்டும் தீபாராதனையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வைத்துவிடலாம் என்று நினைத்தபோது மணிச் சத்தத்துக்கு நடுவே யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், அப்புறம் தொண்டையைச் செருமுவது.

அம்மா. அம்மா இருக்கிறாள்.

மில்லுக்கு மத்தியானம்தான் போனேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க வேண்டும். இனி அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எப்படி என்பதுதான்.

நேரே வீட்டுக்குப் போய் நின்றால்? அண்ணன் இருபத்திரண்டு வருஷமாக விழுந்து கும்பிடுவது செத்துப்போன தங்கச்சியை. நரைத்த தலையும் தாலியுமாக மாதவன் பெண்டாட்டி வாசலில் வந்து நின்றால் அவன் கும்பிடுவானா, அல்லது அன்றைக்கு எடுத்த அருவாளைத் தேடிப் போவானா? நாலு ஊர் முன்னால் அவன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

மாதவன் கிளம்பி வருகிறேன் என்கிறார். "வந்து என்ன செய்வீக? நீங்களும் ஒரு பெட்டியில உக்காருவீகளா?" என்று கத்திவிட்டேன். பாவம். அப்புறம் நானே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னேன்.

எதிர்ப் படியில் இன்று இருபது பேர்.

4 பிப்ரவரி, புதன்

மில்லில் ஈரப்பத மிஷின் ரிப்பேர், பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மணி வாக்கில் கதவு தட்டும் சத்தம். தீபலட்சுமி. "ஒருத்தரக் கூட்டியாந்திருக்கேன். இங்கதேன் ஜவுளிக்கடைக்குப் படைப்புச் சேல எடுக்க வந்தாக. மகன் உரக்கடைக்குப் போயிருக்காரு, அரைமணி நேரத்துல வந்திருவாரு" என்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா.

என்ன குட்டையாகிவிட்டாள்!

தீபலட்சுமியை வெளியே நிறுத்திவிட்டு அம்மா மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள், பாதம் தரையில் படிந்திருக்கிறதா என்று. அப்புறம், "தண்ணி குடி" என்றாள். குடித்தேன். தண்ணீர் என் தொண்டையில் இறங்குவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். கிட்டே வந்து கையைக் கிள்ளினாள், நல்லாவே. "வலிக்குதும்மா" என்றேன். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"புள்ளைக எத்தன?" என்றாள்.

செத்துப்போன மகளிடம் கேட்கும் கேள்வியா இது? அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியும். ஆதியிலிருந்தே தெரியும்.

"எனக்கு எந்தச் சாமியும் வரலத்தா. நானாத்தேன் ஆடுனேன்" என்றாள். "நீ திருப்பூருலதேன் இருப்பேன்னு துப்புக் கெடச்சிருச்சு. அருவாளச் சாக்குல சுத்தி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாக ரெண்டு பேரும். நான் என்ன செய்ய? கால்ல விழுந்தாக் கேப்பாகளா? தலைய அவுத்துவிட்டு ஆடுனேன். செத்தவள யாரும் தேட மாட்டாகல்ல."

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். கோபமும் வந்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நீ மட்டும் எப்படிம்மா இதைச் சுமந்தே என்று கேட்டேன்.

அவள் வேறு ஒன்று சொன்னாள். "மொதப் பத்து வருசம் எனக்கு ஒண்ணுந் தெரியல. வெறும் பெட்டிதேனேன்னு இருந்தேன். பெறகு கேக்குறவுகளுக்கெல்லாம் குடுக்க ஆரம்பிச்சிருச்சு. வெளிய நிக்கிறாளே, இந்தப் புள்ளைக்கு உண்டானதும் எனக்குக் கைகாலு ஆடிப்போச்சு. வெறும் பெட்டி எப்படித்தா புள்ள குடுக்கும்? அப்ப எம்மக நெசமாவே செத்துட்டா போலன்னு நெனச்சேன். எங்கயோ செத்து, வந்து அந்தப் பெட்டிக்குள்ள ஏறிட்டா, நான் வாயால கூப்பிட்டதுனால வந்துட்டான்னு. பதினோரு வருசம். யாருட்டப் போயிக் கேப்பேன்?"

அம்மாவே திரும்பவும் கேட்டாள், "சொல்லு, புள்ளைக?"

"இல்லம்மா. ஒண்ணு உண்டாகி நிக்கல."

"எந்த வருசம்?"

"நெனப்பில்ல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் எழுந்துபோய் அவளுக்குக் காப்பி போட்டேன்.

பையிலிருந்து புதுச்சேலையை எடுத்தாள். அரக்குச் சுங்குடி, பச்சைக் கரை. கூடவே தைத்த ரவிக்கை. போட்டுப் பார்த்தேன், தோள், கை எல்லாம் அளவெடுத்தது போல. "கன்னிக்கு வயசாகுமா கெழவின்னு தையக்காரன் வருசா வருசம் சிரிப்பான்" என்றாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு சுற்றுப் பெரிதாக வைத்து வந்திருக்கிறாள். செத்துவிட்டேனோ என்று பயந்த வருஷங்களிலும்.

கட்டிக் காட்டச் சொன்னாள். கட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். அப்புறம் அவிழ்க்கச் சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், பெட்டிக்கு வேண்டுமே.

"வீட்டுப்பக்கம் வந்துறாத. சுந்தரபாண்டி இப்ப நல்லவந்தேன். குடிய விட்டுட்டான், ஊருல யாருகூடயும் அடிதடிக்குப் போறதில்ல. எல்லாம் அந்தப் பெட்டிக்குப் பயந்து. அதுல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா அவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியாது."

அப்படியானால் உன்னை மறுபடி எப்போது பார்ப்பேன் என்று கேட்டேன். வாசல்வரை போனவள் நின்றாள்.

"பாத்தாச்சுல்ல" என்றாள். அழுதுகொண்டே படியிறங்கினாள்.

6 பிப்ரவரி, வெள்ளி

பயிற்சி முடிந்தது. மில்லில் கேக் வெட்டினார்கள். உடையாங்கரிசலில் இந்நேரம் பெட்டியை இறக்கியிருப்பார்கள். நாளை பத்து மணி பஸ்ஸுக்கு மூட்டை கட்டிவிட்டேன்.

சாயங்காலம் காரணமில்லாமல் உடம்பு சுட்டது. மாத்திரை போட்டேன்.

7 பிப்ரவரி, சனி

பத்து மணி பஸ்ஸில் நான் போகவில்லை.

எட்டு மணிக்குத் தீபலட்சுமி படைப்பு முடித்த கையோடு நேரே ஊரிலிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேற்று பெட்டியை இறக்கி, சேலையை விரித்து, மணி அடித்ததும் அருள் வந்ததாம். அம்மாவுக்கு இல்லை, அண்ணன் பெண்டாட்டி காளீஸ்வரிக்கு. அவளுக்கு இதுவரை அருள் வந்ததே இல்லையாம். நான் பார்த்தே இராத அண்ணி. நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டுக்கு வந்தவள்.

"'எங்காத்தாள எங்கிட்ட விடுங்க'ன்னுச்சு மேடம். 'வருசா வருசம் பத்து நாளு. அருப்புக்கோட்டையில பஞ்சு மண்டி வீடு, மூணாம் நம்பரு. ஆத்தா மட்டும் வரணும். வேற யாரு காலும் உள்ள படக் கூடாது'ன்னுச்சு. சுந்தரபாண்டி அண்ணன் சரி தாயி, சரி தாயின்னு மண்ணுல பொரண்டாரு."

அண்ணன் காலையிலேயே சண்முகவேலுக்குப் போன் போட்டு அம்மா பெயரில் மூணாம் நம்பர் வீட்டைக் கேட்டுவிட்டானாம். சண்முகவேல் ரிஜிஸ்டரோடு மேலே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க காலி பண்ணிட்டதா ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்க மேடம். மத்தபடி நான் ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் பாக்கல" என்றார். போட்டேன். ஆபீஸுக்குப் பத்து நாள் லீவு சொன்னேன். முதுகுவலி என்றேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார்கள். நான் படுக்கையறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன். ஹால் கதவு திறந்தே இருந்தது. அம்மா உள்ளே வரும் சத்தம் கேட்டது. பை தரையில் உரசிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வெளியே நின்று அவன்தான் தள்ளிவிட்டிருப்பான்.

போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நின்றுகொண்டே இருந்தான். சாத்திய என் கதவு அவனுக்கு நேர் எதிரே தெரிந்திருக்கும்.

"தாயி" என்றான். "அன்னைக்கி அருவாளக் கட்டிக் கெளம்புனேன்ல, நீ தண்ணிக்குள்ள கெடந்தப்ப. அது தெரியாமக் கெளம்புனேன். இருபத்திரெண்டு வருசமா ஒங்கிட்டச் சொல்லணும்னு இருக்கேன், நாக்கு எந்திரிக்கல. மன்னிச்சிரு. ஆத்தாளப் பாத்துக்க."

தாழ்ப்பாளில் என் கை இருந்தது. பத்தடி தூரம். திறந்தால் அழுகிற என் அண்ணன் நிற்பான். அடுத்த நொடியில் அவன் யாராக மாறுவான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் திறக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தமும் அப்புறம் அவன் படியிறங்கும் சத்தமும் கேட்டன. கை மட்டும் கொஞ்ச நேரம் தாழ்ப்பாளிலேயே இருந்தது.

அம்மாவுக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு உப்புக் குறைச்சல் என்றாள். சாப்பாட்டுக்கு நடுவே கேட்டேன், "அண்ணிகிட்ட எப்பம்மா சொல்லி வச்ச? கெட்டிக்காரிதான் நீ."

அம்மா சோற்றுக் கையோடு நிமிர்ந்தாள். "நான் எங்க சொன்னேன்? நீதேன் அவளுக்குப் போனு போட்டுச் சொல்லிக் குடுத்தேன்னுல்ல நெனச்சேன்."

நான் காளீஸ்வரியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தீபலட்சுமி சொல்லியிருப்பாள் என்றேன். "அந்தப் புள்ள படைப்பன்னைக்கி அவகிட்டப் போகவே இல்லையே, அருளு வர்ற வரைக்கும் அடுப்படியிலல்ல கெடந்தா" என்றாள் அம்மா.

அம்மா உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். வைத்தேன்.